ஒரு கல்லுக்கு நூறு படம்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு அவை கை ஓய்ந்த மாதங்கள். எனக்கு அப்போதுதான் வேலை கூடுகிறது. செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கிற, வீரர்கள் நினைவாக நட்ட நடுகற்களைப் போய்ப் படமெடுக்கிறேன். ஒரு கல்லுக்கு நூறு படம். பெரிய கல்லாக இருந்தால் அதற்கு மேலும். அத்தனையையும் கணினியில் ஏற்றிவிட்டு ஓர் இரவு விட்டுவைத்தால், காலையில் அந்தக் கல் முழு உருவமாகத் திரையில் நிற்கிறது. சுழற்றிப் பார்க்கலாம். மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். வீரன் கையிலுள்ள வில் கல்லிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் புடைத்திருக்கிறது என்று அளந்தும் பார்க்கலாம்.

இதற்கென்று லேசர் கருவி எதுவும் என்னிடம் இல்லை. தாலி கட்டும்போது கிளிக் செய்கிற அதே கேமராதான். தட்டையான படங்களிலிருந்து ஆழம் எப்படி வருகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இந்த முறையின் மேல் எனக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு போட்டோவில் ஒரு புள்ளி தெரிகிறது என்றால், அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். எத்தனை தூரத்தில் என்பது தெரியாது. லென்ஸிலிருந்து கிளம்பிப் போகும் ஒரு நேர்கோட்டில் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டடி நகர்ந்து நின்று இன்னொரு படம் எடுத்தால் அதே புள்ளிக்கு இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடும் சந்திக்கிற இடம்தான் புள்ளி இருக்கிற இடம். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு சாட்சி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார்கள். வேறோர் இடத்தில் நின்று பார்த்த இரண்டாவது ஆள் வந்து அதையே சொன்ன பிறகுதான் முடிவு சொல்வார்கள். இந்தக் கணக்கும் அப்படித்தான். குறைந்தது இரண்டு இடத்திலிருந்து பார்க்கப்படாத எதையும் அது ஏற்றுக்கொள்ளாது.

நில அளவைக்காரர்கள் போடுகிற முக்கோணக் கணக்கும் இதுதான். ஆனால் அவர்கள் தாங்கள் நிற்கும் இடத்தை முதலில் அளந்து வைத்துக்கொள்கிறார்கள். நான் கல்லைச் சுற்றி நடந்துகொண்டே எடுக்கிறேன். எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது, கேமரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. கல்லின் வடிவமும் தெரியாது, கேமரா இருந்த இடமும் தெரியாது. இரண்டையும் அந்தப் படங்களேதான் சொல்லியாக வேண்டும். இந்த வித்தை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

மென்பொருள் முதலில் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் சொல்லத்தக்க இடங்களைத் தேடுகிறது. பாசி படர்ந்ததன் ஓரம், உளி பட்டுத் தெறித்த சில்லு, எண்ணெய் வழிந்து காய்ந்த தடம். ஒரு படத்தில் இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் அகப்படும். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை எண்களாக எழுதிக்கொள்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோவ் 1999இல் வெளியிட்டு, பிறகு செம்மைப்படுத்திய ‘சிஃப்ட்’ என்ற முறையில் ஓர் இடத்துக்கு 128 எண்கள். கேமராவைச் சாய்த்துப் பிடித்தாலும், கொஞ்சம் நெருங்கிப் போனாலும், வெளிச்சம் சற்று மங்கினாலும் அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பத்தாவது படத்தில் தெரிகிற சில்லும் பதினாறாவது படத்தில் தெரிகிற சில்லும் ஒன்றுதான் என்று கணினியால் கண்டுகொள்ள முடிகிறது.

பொருத்தம் பார்த்த பிறகு கணக்கு தொடங்குகிறது. இரண்டாவது கேமரா முதலாவதிலிருந்து எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்ல இரண்டு எண் வேண்டும். எப்படித் திரும்பியிருந்தது என்று சொல்ல மூன்று எண். ஆக, தெரியாதவை ஐந்து. இப்போது பொருந்திய ஒரு சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலிருந்தும் அதை நோக்கி இரண்டு கோடு கிளம்புகிறது. அவை வெளியில் ஒன்றையொன்று தொட்டே ஆகவேண்டும். ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போய்விடக்கூடாது. ஒரு சில்லுக்கு இப்படி ஒரு நிபந்தனை. ஐந்து சில்லுக்கு ஐந்து நிபந்தனை. லென்ஸின் குணம் தெரிந்திருந்தால், பொருந்திய ஐந்து புள்ளிகளை வைத்தே இரண்டு கேமராவும் ஒன்றுக்கொன்று எப்படி நின்றன என்று கண்டுபிடித்துவிடலாம். ஆஸ்திரியக் கணித அறிஞர் எர்வின் குருப்பா இதை 1913இலேயே காட்டிவிட்டார். அந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினம். 1981இல் கிறிஸ்டோபர் லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, எட்டுப் புள்ளி இருந்தால் நேரடியான எளிய கணக்கிலேயே விடை வந்துவிடும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் வேதியியலில் பெயர் வாங்கிவிட்டு, மனித மூளை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தவர்.

இரண்டு கேமரா நின்ற இடம் தெரிந்ததும் மூன்றாவதைச் சேர்க்கலாம், பிறகு நான்காவதை. சேர்க்கச் சேர்க்கச் சிறுசிறு பிசகுகளும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அவ்வப்போது எல்லாக் கேமராவையும் எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் துளித்துளியாக அசைத்து, எல்லாப் படங்களோடும் ஒத்துப்போகும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் சரிக்கட்டும் கணக்கை 1950களின் இறுதியில் டுவேன் பிரவுன் அமெரிக்க விமானப்படை வேலைக்காக வகுத்தார். இன்று வீட்டுக் கணினியில் ஓடுகிற மென்பொருள்களுக்கும் அடித்தளம் அதுதான். நான் முதலில் பார்ப்பதும் அந்தக் கணக்கு முடிவில் காட்டும் பிசகைத்தான். அது ஒரு பிக்சலுக்குள் இருந்தால் மனசு நிம்மதி.

இதுவரை கிடைத்தது அங்கங்கே தூவிய புள்ளிகள். அடுத்து மென்பொருள் ஒவ்வொரு படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் மற்றப் படங்களில் இணை தேடுகிறது. லட்சக்கணக்கில், சில நேரம் கோடிக்கணக்கில் புள்ளிகள் நெருங்கி வருகின்றன. அவற்றை முக்கோண வலையாகப் பின்னி, படங்களிலிருந்து நிறத்தை எடுத்து மேலே போர்த்திவிட்டால் முப்பரிமாண மாதிரி தயார்.

ஒன்று மட்டும் வராது. அளவு. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நிற்பது ஆளுயரக் கல்லா, உள்ளங்கை அளவு பொம்மையா என்று எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது. எல்லாம் பத்து மடங்கு பெரிதாகி, நான் நகர்ந்த தூரமும் பத்து மடங்கு ஆகியிருந்தால் படங்கள் அப்படியே அச்சு மாறாமல்தான் இருக்கும். அதனால் கல்லின் பக்கத்தில் நீளம் தெரிந்த பட்டை ஒன்றை வைத்தே எடுக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சாதாரண அளவுப் பட்டைதான். பட்டை வைக்காமல் செய்த மாதிரி, பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும், ஆவணமாக எனக்குத் திருப்தி தராது.

எங்கள் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடப்படுகின்றன. அதனால் கேமராவை எடுக்கும் முன் பூசாரியிடம் போய் நிற்க வேண்டும். அவரே துணியை அவிழ்த்து, மாலையை எடுத்து வைத்தால்தான் வேலை. காற்றில் ஆடும் பூவும் துணியும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அங்கே கோடுகள் சந்திக்காது. மரத்தடிக் கல்லில் இலை நிழலும் அப்படியே. ஆடிக் காற்றில் இலை ஆட, கல்லின் மேல் வெயில் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். மூட்டமான நாளுக்காகக் காத்திருப்பேன், இல்லையென்றால் வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுவேன். ஃபிளாஷைத் தொடுவதே இல்லை. கேமராவோடு சேர்ந்து நிழலும் நகரும் என்பதால் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

லென்ஸை ஜூம் செய்யாமல் ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறேன். வெளிச்ச அளவையும் பூட்டிவிடுகிறேன். பிறகு கல்லைச் சுற்றி ஒரு வட்டம், குந்தி உட்கார்ந்தபடி ஒரு வட்டம், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வட்டம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்காவது பொதுவாக இருக்க வேண்டும். எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் நெருங்கிப் போய் வரிசை வரிசையாக எடுப்பேன்.

ஓர் ஊரில் பூசாரிப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, நேரா நின்னு ஒண்ணு புடிச்சா பத்தாதா? காலடியில போயி எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கற?”

“காலடியும் வேணுங்க ஐயா. நான் பாக்காத இடம் கம்ப்யூட்டருக்கும் தெரியாதுங்க.”

“அப்படின்னா முதுகையும் எடு. எங்கப்பா காலத்துல இருந்து வேடியப்பன் முதுகை யாரும் படம் புடிச்சதில்ல.”

முதுகுப் பக்கம் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. அவரே அரிவாள் எடுத்து வந்து வெட்டி வழி விட்டார். அந்தக் கல்லின் மாதிரி எனக்கு மிகவும் பிடித்தமானது. முதுகில் சிற்பம் எதுவும் இல்லை. பாறையிலிருந்து பிளந்தெடுத்தபோது விழுந்த துளைகளின் பாதி வரிசையாகத் தெரிகிறது. கல் எப்படி உடைக்கப்பட்டது என்பதற்கு அதுவே தடயம். முன்பக்கம் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

இந்த முறைக்கு ஒத்துவராத பொருள்களும் உண்டு. கண்ணாடி, பளபளக்கும் பித்தளை, தேய்த்து மெருகேற்றிய கறுப்புக் கல். அவற்றில் மின்னுகிற புள்ளி பொருளில் இல்லை. நாம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும். அபிஷேக எண்ணெயில் ஊறிய சிலையும் அப்படித்தான். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் வேறு விதமான தொல்லை: அடையாளம் சொல்ல அதில் எதுவுமே இல்லை. இப்போது பல ஊர்களில் பக்தியோடு நடுகல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்டின் பளபளப்பு கணக்கைக் குழப்புகிறது என்பது ஒரு பக்கம். எழுத்துகளின் பள்ளம் பெயின்டால் தூர்ந்து போவதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தப் பள்ளங்களுக்காகத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்துகள் இருக்கின்றன. மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு குறிக்கப்பட்ட கற்கள்கூட உண்டு. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன் யார், யாருடைய சேவகன் என்று அந்தச் சில வரிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலாகவே இவற்றைத் தொகுத்தது. கல்வெட்டை மைப்படி எடுக்கிற கலையை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பு. கைத்திறன் வேண்டிய வேலை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கல்லைத் தொட வேண்டியிருக்கிறது. பொரிந்து உதிர்கிற கல்லை அப்படித் தட்ட முடியாது.

மாதிரி செய்யக் கல்லைத் தட்டவோ தேய்க்கவோ வேண்டியதில்லை. உருவம் வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் நிறத்தை எடுத்துவிடுவது. குங்குமம், மஞ்சள், எண்ணெய்க் கறை, பாசி எல்லாம் போய், ஒரே சாம்பல் நிறத்தில் கல்லின் மேடு பள்ளம் மட்டும் நிற்கும். பிறகு திரையில் ஒரு விளக்கை வைத்து, கல்லின் தளத்தை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்ப்பேன். வெளிச்சம் சாயச் சாய, நேரில் நின்று எத்தனை உற்றுப் பார்த்தாலும் தெரியாத கீறல்கள் நிழல் பிடித்து எழுந்து வருகின்றன. இடமிருந்து வெளிச்சம் வந்தால் ஒரு சுழி தெரியும். வலமிருந்து வந்தால் அதற்குப் பக்கத்துக் கோடு தெரியும். எழுத்து படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் அருகில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் சாய்ங்க, நிறுத்துங்க, இதேதான்” என்று சொல்லச் சொல்ல விளக்கைத் திருப்புவது என் தொழிலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நேரம்.

பல படங்களிலிருந்து உருவம் செய்யும் ஆசை கணினியைவிடப் பழையது. 1860களில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி, ஆளை வட்ட அறையின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்களால் ஒரே சமயத்தில் படமெடுத்தார். ஒவ்வொரு படத்தின் வெளிக்கோட்டையும் கம்பிச் சட்டக் கருவி ஒன்றால் பின்தொடர்ந்து களிமண்ணில் வெட்டி, ஆளைச் சிலையாக்கினார். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற கட்டடக் கலைஞரின் கதை வேறு. 1858இல் வெட்ஸ்லார் தேவாலயத்தின் முகப்பைக் கையால் அளந்துகொண்டிருந்தவர் உயரத்திலிருந்து விழப்பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்து, படத்தில் அளந்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. 1885இல் அதற்கென்றே பிரஷ்ய அரசு பெர்லினில் ஒரு நிறுவனம் தொடங்கியது. அங்கே சேர்ந்த ஏறத்தாழ 20,000 கண்ணாடித் தகடுகள், இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடங்களைத் திரும்ப எழுப்ப உதவின.

ஆனால் இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிற வேலை பாமியான் புத்தர்தான்.

ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில் செங்குத்து மலையைக் குடைந்து நின்ற இரண்டு புத்தர்களில் பெரியவர் 50 மீட்டருக்கும் மேல் உயரம். உருவத்தை மலையில் செதுக்கிவிட்டு, அங்கியின் மடிப்புகளைக் கயிறும் முளையும் அடித்து, மேலே மண் சாந்து பூசி உருவாக்கியிருந்தார்கள். 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சூரிச் நகரின் ஈ.டி.எச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் குரூன், ஃபாபியோ ரெமோண்டினோ, லீ ஜாங் ஆகியோர், இருக்கிற படங்களை வைத்தே பெரிய புத்தரைக் கணினியில் எழுப்ப முடியுமா என்று பார்த்தார்கள்.

அவர்கள் கையில் மூன்று வகைப் படங்கள் இருந்தன. இணையத்தில் பொறுக்கியவை சில. 1960களில் சுற்றுலா போனவர் எடுத்தவை சில. மூன்றாவதாக, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த ராபர்ட் கோஸ்ட்கா 1970 ஆகஸ்டில் அளவைக் கேமராவால் எடுத்த மூன்று படங்கள். இணையப் படங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கேமராவில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தவை. எந்த லென்ஸ் என்பதுகூடத் தெரியாது. அவற்றிலிருந்தும் உருவம் வந்தது, கரடுமுரடாக. கோஸ்ட்காவின் மூன்று படங்கள் ஒரே கருவியில், அளப்பதற்கென்றே, இடம் பார்த்து நின்று எடுத்தவை. நல்ல மாதிரி அவற்றிலிருந்துதான் வந்தது.

அங்கேயும் ஒரு சிக்கல். கணினி தானாகப் பொருத்திய புள்ளிகளில் உடலின் வடிவம் நன்றாகவே வந்தது. அங்கியின் மெல்லிய மடிப்புகள் மழுங்கிப் போயின. மடிப்புகள்தான் அந்தச் சிலையின் அழகு. எனவே ஆய்வாளர்கள் உட்கார்ந்து, படங்களை இணையாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் பள்ளத்தையும் கையால் தொடர்ந்து அளந்தார்கள். கணினி கோடிக் கணக்கு போடட்டும். எந்தக் கோடு முக்கியம் என்று தெரிந்த மனிதக் கண்ணுக்கு அங்கே இடமிருந்தது என்பதில் எனக்குப் பெருமிதம். அந்தக் கணக்கை வைத்து 200இல் ஒரு பங்கு அளவில் ஒரு சிலையும் கடைந்தார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக உயரம்.

அந்த மாதிரிக்கு முகம் கிடையாது. உதட்டுக்கு மேலே தட்டையாக வெட்டுப்பட்டது போன்ற சமதளம்தான். 1970இல் கோஸ்ட்கா பார்த்த புத்தருக்கு முகம் இல்லை; அது எப்போதோ போய்விட்டிருந்தது. மற்ற புத்தர் சிலைகளைப் பார்த்து ஒரு சாந்தமான முகத்தை ஒட்டவைப்பது சூரிச்சில் இருந்தவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்காது. பார்க்கிறவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் மூன்று படங்களில் எதுவும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காததை மாதிரியில் வைக்கவில்லை. இந்த முறையிடம் எனக்குள்ள மரியாதை முழுவதும் இதற்காகத்தான்.

பிறகு வந்த வளர்ச்சி வேகமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நோவா ஸ்னேவ்லியும் கூட்டாளிகளும் 2006இல், யார் யாரோ இணையத்தில் ஏற்றிய சுற்றுலாப் படங்களை ஒன்றுசேர்த்துக் கட்டடங்களை எழுப்பிக் காட்டினார்கள். 2009இல் சமீர் அகர்வால் முதலான குழுவினர் ரோம் நகரின் 1,50,000 படங்களை ஏறத்தாழ 500 கணிப்பகுதிகளில் ஓடவிட்டு, ஒரே நாளுக்குள் கொலோசியம் உட்பட நகரின் சின்னங்களைப் புள்ளிகளாக எழுப்பினார்கள். இன்று ‘கோல்மேப்’, ‘மெஷ்ரூம்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுமாரான கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி போதும்.

2020இல் கலிஃபோர்னியாவிலிருந்து ‘நெர்ஃப்’ என்ற முறையும், 2023இல் பிரான்சிலிருந்து ‘காஸியன் ஸ்ப்ளாட்டிங்’ என்ற முறையும் வந்தன. எண்ணெய்ப் பளபளப்பும் தீபச் சுடரும்கூட அவற்றில் நிஜம்போலத் தெரிகின்றன. பார்ப்பதற்கு அவை அருமை. அளப்பதற்கு நான் பழைய முறையைத்தான் நம்புகிறேன். வில்லின் புடைப்பை அளக்க ஒரு பரப்பு வேண்டும், மினுமினுப்பு போதாது.

எனக்குக் கவலை தருவது அவையல்ல. ஒரே ஒரு படத்தைக் கொடுத்தால் முழு உருவத்தையும் செய்து தருகிற செயற்கை நுண்ணறிவு இப்போது வந்துவிட்டது. முன்பக்கப் படத்தைக் கொடுத்தால் முதுகு, பக்கவாட்டு, அடி எல்லாம் சேர்த்து நொடியில் நீட்டுகிறது. அந்த முதுகு எங்கிருந்து வந்தது? அது பழகிய எத்தனையோ வேறு உருவங்களிலிருந்து. விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் அது நல்ல கருவி. வேடியப்பன் கல்லுக்கு அது கட்டும் வழவழப்பான முதுகில் பிளந்தெடுத்த துளைகளின் வரிசை இருக்காது. ஐம்பது வருடம் கழித்து அந்தக் கல் காணாமல் போய், மாதிரி மட்டும் மிஞ்சினால், படிக்கிறவர் அந்த முதுகை நம்பிவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

என் மாதிரிகளில் ஓட்டைகள் இருக்கின்றன. கல்லின் பின்னே சுவர் கட்டிய இடம், சிமென்ட் பூசி மூடிய காலடி, முள் வெட்ட அனுமதி கிடைக்காத பக்கம். மென்பொருளில் ‘ஓட்டையை அடை’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் நேர்த்தியாகத் தைத்துவிடும். கண்காட்சிக்குக் கேட்கிறவர்கள், “சார், கீழே ஓட்டை அசிங்கமா இருக்கு, அடைச்சுக் கொடுங்க” என்கிறார்கள். நான் அடைப்பதில்லை. வற்புறுத்தினால், அந்த இடத்துக்கு மட்டும் கல்லில் இல்லாத நீல நிறம் கொடுத்து, இது கேமரா பார்க்காத இடம் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரே படத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அது ஸ்ரீபுரந்தான் சிலைதான் என்று நிரூபிக்க அந்த நிறுவனத்தின் பழைய படம் துணை நின்றது. 2014இல் நடராசர் நாடு திரும்பினார். யாருடையது என்று சொல்ல ஒரு படம் போதுமாக இருந்தது. திரும்பாமலே போயிருந்தால், உருக்கப்பட்டிருந்தால், அந்தத் திருவாசியின் வளைவையும் தூக்கிய திருவடியின் தூரத்தையும் ஒரு படத்திலிருந்து மீட்டிருக்க முடியாது. ஒரு படம் எடுத்த இடத்தில் இருபது எடுத்திருந்தால் முடிந்திருக்கும். அப்போது ஃபிலிம் விலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இப்போது நம் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு இருபது படம் ஒரு சுமையே இல்லை.

உங்கள் ஊரில் ஒரு நடுகல்லோ, சிதைந்த சுமைதாங்கியோ, மழையில் கரைந்துகொண்டிருக்கும் சுடுமண் குதிரையோ இருந்தால், மென்பொருள் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். படம் எடுத்து வையுங்கள்; கணக்கை யாராவது பிறகு போட்டுக்கொள்வார்கள். சுற்றி நடந்து, சின்னச் சின்ன அடியாக நகர்ந்து, ஒவ்வொரு நகர்விலும் ஒன்று. ஒரே இடத்தில் நின்றபடி போனை மட்டும் திருப்பினால் பயனில்லை. கால் நகர வேண்டும். மூன்று உயரத்தில் எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் அழகூட்டும் வசதியும் அணைத்திருக்கட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலைக் கிடத்துங்கள். தையல் டேப்பாக இருந்தாலும் சரி, அதன் எண்கள் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது படம் சுருங்குகிறது. எந்த லென்ஸில் எடுத்தது என்ற குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. மூலப் படங்களை அப்படியே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஊர், தேதி, கல் நிற்கிற இடம், யாரிடம் கேட்டு எடுத்தது என்று ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். கோஸ்ட்கா எடுத்த படங்கள் 30 ஆண்டுக்குப் பிறகு பயன்பட்டது, அவற்றை அத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்ததால்தான். நான் செய்கிற மாதிரிகள் பத்து வருடத்தில் பழசாகிவிடும், அன்றைய மென்பொருள் இதைவிட நுட்பமாகச் செய்யும். அதற்கு வேண்டியது மாதிரி அல்ல, அந்த நூறு படங்கள்.